ஒடுக்கமான இடத்தில் பல்பகுதியச் சங்கிலி: இளகுமா, இறுகுமா?

நெடுங்கேணிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய ஊர்க் குடிநீர் நிலையத்து ஆர்.ஓ. இயந்திரத்தை (நீரை ஒரு சவ்வினூடாக அழுத்தி உப்பை நீக்குவது) திருத்த வந்தவர், "உள்ளே இருக்கும் சவ்வின் தடிப்பு நூறு, இருநூறு நானோமீற்றர்தான். அவ்வளவு மெல்லியதானால் பிளாஸ்டிக் பிளாஸ்டிக் மாதிரியே இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனாராம். (ஒரு நானோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு.) இவர் தேடிப் படித்திருக்கிறார். ஒடுங்கிய இடத்தில் பல்பகுதியம் (பொலிமர்: சிறு அலகுகள் சங்கிலியாகக் கோத்து உண்டான பிளாஸ்டிக் போன்ற பொருள்) இளகும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது, இறுகும் என்று இன்னொன்று சொல்கிறது. எது சரி என்று கேட்கிறார். அவர் உண்மையில் அறிய விரும்புவது இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்: நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை அவற்றின் சொந்தப் பருமனுக்கு ஒப்பான இடத்துக்குள் அடைத்தால் உருவம் என்னவாகும், அசைவு என்னவாகும், ஏன் ஆளுக்கொரு விடை வருகிறது? சவ்வைப் பற்றிய சந்தேகத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

பல்பகுதியப் படலங்களோடு நெடுங்காலம் வேலை செய்துவிட்டு இப்போது கிளிநொச்சியில் கற்பிக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்வதானால், நீங்கள் படித்த இரண்டு கட்டுரைகளுமே சரியாக இருக்கலாம். ஒடுக்கம் என்று தனியாக ஒரு காரணி கிடையாது. சுவர் எத்தகையது, சங்கிலியின் எந்த நீளத்தோடு அந்த இடத்தை ஒப்பிடுகிறோம் என்ற இரண்டையும் சொல்லாமல் 'ஒடுக்கினால் இப்படி ஆகும்' என்று எவராவது எழுதினால் அதை நம்ப வேண்டாம்.

முதலில் நீளக் கணக்கைப் பார்ப்போம். தொலைக்காட்சிப் பெட்டி உடையாமலிருக்கச் சுற்றிவைத்து அனுப்புகிறார்களே, ரெஜிபோம், அது வாயுவால் ஊதிப் பருக்கவைத்த பொலிஸ்டைரீன். மூலக்கூற்றுத் திணிவு ஒரு இலட்சம் உள்ள ஒரு பொலிஸ்டைரீன் சங்கிலியில் ஏறத்தாழ 960 அலகுகள் இருக்கும். அதைச் சுருளில்லாமல் இழுத்துப் பிடித்தால் 240 நானோமீற்றர் அளவுக்கு வரும். ஆனால் எந்தச் சங்கிலியும் அப்படி நேராக நிற்பதில்லை. உருகிய நிலையில் கண்டபடி சுருண்டு கிடக்கும். அப்போது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குள்ள தூரம் சராசரியாக 20 நானோமீற்றரைச் சற்றே தாண்டும். இதைவிடச் சிறிய இன்னோர் அளவும் உண்டு. ஒன்றாகத் திரும்பும் சில அலகுகள் சேர்ந்த துண்டின் நீளம் அது, ஓரிரு நானோமீற்றர் மட்டுமே. நூறு நானோமீற்றர் தடிப்புள்ள படலம் இந்தச் சங்கிலிக்குத் திறந்த வெளி. பத்து நானோமீற்றர் படலத்தில் அது நெருக்கப்படுகிறது. ஆனால் அந்தப் பத்திலும் ஒரு துண்டுக்குத் தாராளமாக இடம் இருக்கிறது. உருவம் மாறுவது முழுச் சங்கிலியின் விவகாரம், இளகுவதும் இறுகுவதும் துண்டின் விவகாரம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால் வந்த வாக்குவாதங்கள் ஏராளம்.

உருவத்தைப் பற்றிப் பேசுவது எளிது. அங்கே பெரிய ஐயம் எதுவும் இல்லை. நல்ல கரைப்பானில் தனியே மிதக்கும் சங்கிலி தன்னைத்தானே ஊடுருவிச் செல்ல முடியாததால் கொஞ்சம் பருத்து நிற்கும். அதன் பருமன் அலகு எண்ணிக்கையின் 0.588 ஆம் அடுக்காக வளர்கிறது. 1974 இல் நொபெல் பரிசு பெற்ற போல் புளோரி இதை ஐந்தில் மூன்று என்று மதிப்பிட்டிருந்தார், கிட்டத்தட்டச் சரி. இந்தச் சங்கிலியை ஒரு நுண்குழாய்க்குள் செலுத்துங்கள். அது முன்பு எடுக்கக்கூடியதாயிருந்த சுருள் நிலைகளில் பெரும்பகுதி இப்போது இல்லை. எந்திரப்பி, அதாவது அது எடுக்கக்கூடிய நிலைகளின் எண்ணிக்கையைச் சொல்லும் அளவு, குறைகிறது. எனவே சங்கிலி சுவரைத் திருப்பித் தள்ளும், வழி கிடைத்தால் வெளியேறிவிடும். குழாயின் விட்டத்தைப் பாதியாக்கினால், தன்னை ஊடுருவக்கூடிய இலட்சியச் சங்கிலிக்கு இந்த அடைப்புக்கான சக்திச் செலவு நான்கு மடங்காகிறது. உண்மைச் சங்கிலிக்கு மூன்று மடங்குக்குச் சற்று மேலே போகிறது. 1991 இல் நொபெல் பரிசு பெற்ற பிரெஞ்சு இயற்பியலாளர் பியேர்-ஜில் டி ஜென் இதற்கு அழகான படமொன்று தந்தார். குழாயின் விட்டம் அளவுள்ள கோளங்களாகச் சங்கிலியைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோளத்துக்குள்ளும் இருக்கும் பகுதிக்குத் தான் அடைபட்டிருப்பது தெரியாது, ஆனால் கோளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிற்க முடியும். ஆகவே வெளியே 0.588 அடுக்காக வளர்ந்த சங்கிலி குழாய்க்குள் நேர்விகிதத்தில் நீளுகிறது: அலகுகள் இரட்டித்தால் நீளமும் இரட்டிக்கும்.

டி.என்.ஏ போன்ற விறைத்த சங்கிலிக்குக் கதை வேறு. அது குறிப்பிடத்தக்க அளவு வளைவதற்கு 50 நானோமீற்றர் வேண்டும். அதைவிட ஒடுங்கிய வாய்க்காலில் சுருள இடமின்றி, சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பி, கிட்டத்தட்ட முழு நீளத்துக்கும் நிமிர்ந்து நிற்கிறது. இதை வைத்து டி.என்.ஏ யின் வரைபடத்தையே எடுக்கிறார்கள். இதன் மறுமுனையில் பற்றீரியாவைத் தாக்கும் சில வைரசுகள் இருக்கின்றன. லம்டா என்ற வைரசின் டி.என்.ஏ 16.5 மைக்ரோமீற்றர் நீளம், அதன் கூடோ 60 நானோமீற்றர் அளவுதான். பை-29 என்ற இன்னொரு வைரசில், டி.என்.ஏ யை உள்ளே திணிக்கும் புரத மோட்டர் 57 பிக்கோ நியூற்றன் வரை இழுக்கிறது என்று 2001 இல் அளந்து காட்டினார்கள். கூடு நிரம்பும் கட்டத்தில் உள்ளழுத்தம் வளிமண்டல அழுத்தத்தின் ஏறத்தாழ அறுபது மடங்கு என்பது அவர்களுடைய மதிப்பீடு. ஆனால் இதை எந்திரப்பியின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அங்கே பெரும் பங்கு வளைக்கும் செலவுக்கும் எதிரேற்றம் கொண்ட இழைகள் ஒன்றையொன்று தள்ளுவதற்கும்தான். ஒடுக்கம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்தால் இப்படித்தான் காரணங்கள் கலந்துபோகின்றன.

கரைப்பான் இல்லாமல் சங்கிலிகள் மட்டுமே நெருக்கியடித்துக் கிடக்கும் மெல்லிய படலத்துக்கு வருவோம். மேலிருந்து அமுக்கினால் பக்கவாட்டில் பிதுங்கும் என்று எவரும் எதிர்பார்ப்பார்கள். அப்படி நடப்பதில்லை. சில சங்கிலிகளின் ஐதரசனுக்குப் பதிலாகத் தியூத்திரியத்தை (பாரமான ஐதரசன்) ஏற்றி, நியூத்திரன் கற்றையைச் சிதறவைத்து 1999 இல் அளந்தபோது, படலத்தின் தடிப்பு சங்கிலியின் பருமனைவிடக் குறைந்த நிலையிலும் பக்கவாட்டு அகலம் மாறவேயில்லை. செங்குத்துத் திசையில் மட்டுமே சங்கிலி தட்டையாகிறது. சுவரைத் தொட்ட பாதை அப்படியே திரும்பி மடிகிறது, மற்ற இரு திசைகளுக்கும் அதைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. தட்டையான சங்கிலியின் சொந்தப் பரப்புக்குள் முன்பு எத்தனையோ அயற்சங்கிலிகள் வந்துபோய்க்கொண்டிருந்தன, இப்போது அந்த எண்ணிக்கை குறைகிறது. ஒவ்வொரு சங்கிலியும் அயலாரோடு பின்னிக்கொள்வதைவிடத் தன்னோடு தானே மடிந்து கிடக்கிறது.

இந்தப் பின்னல் குறைவதுதான் முழுச் சங்கிலியின் அசைவை விளங்கிக்கொள்ள உதவும் சாவி. நீண்ட சங்கிலிகளின் உருகலில் ஒரு சங்கிலி பக்கவாட்டில் நகர முடியாது, அயற்சங்கிலிகள் மறிக்கின்றன. தன் சொந்தப் பாதையின் வழியே முன்னும் பின்னும் ஊர்ந்துதான் அது வெளியேற முடியும் என்று டி ஜென் 1971 இல் எழுதினார். சுவரே இல்லாத உருகலிலும் ஒவ்வொரு சங்கிலியும் அயலாரால் ஒரு குழாய்க்குள் அடைபட்டுத்தான் இருக்கிறது. பொலிஸ்டைரீனில் அந்தக் குழாயின் அகலம் சில நானோமீற்றர்கள். இந்தக் கோட்பாட்டின்படி பாகுத்தன்மை நீளத்தின் மூன்றாம் அடுக்காக ஏற வேண்டும், அளந்தால் 3.4 ஆம் அடுக்கு வருகிறது. அதாவது சங்கிலியின் நீளத்தை இரட்டித்தால் பாகுத்தன்மை பத்து மடங்குக்கு மேல் கூடும். குழாயின் முனைகள் நீண்டு சுருங்குவதைக் கணக்கில் சேர்த்தால் அந்த 0.4 இன் பெரும்பகுதி வந்துவிடுகிறது. இப்போது உருகிய பொலிஸ்டைரீனைப் பதினைந்து நானோமீற்றர் விட்டமுள்ள அலுமினாத் துளைகளுக்குள் ஏறவிட்டார்கள். அடைபடாத சாதாரண உருகலின் பாகுத்தன்மையை வைத்துக் கணித்ததைவிட அது வேகமாக ஏறியது. 2007 இல் வந்த இந்த முடிவு முதலில் வியப்பாகத் தோன்றினாலும், அயலாரோடு பின்னல் குறைந்தால் ஊர்வதற்கான தடையும் குறையும் என்பதோடு பொருந்துகிறது. சுவர் சங்கிலியைப் பற்றிப் பிடிக்காத வரைதான் இது செல்லும்.

இனி நீங்கள் கேட்ட இளகலும் இறுகலும். பொலிஸ்டைரீன் ஏறத்தாழ 100 பாகை செல்சியசுக்குக் கீழே கண்ணாடியாக விறைக்கிறது. துண்டுகள் ஒவ்வொன்றும் அயலாரின் நெருக்கத்துக்குள் மாட்டிக்கொள்வதுதான் காரணம். பின்னேரத்தில் நிறைந்து நிற்கும் மாட்டுப் பட்டியை நினைத்துப் பாருங்கள். நடுவில் நிற்கும் மாடு திரும்ப வேண்டுமானால் சுற்றி நிற்பவை விலக வேண்டும், அவை விலக அவற்றைச் சுற்றியவை விலக வேண்டும். திறந்த படலையின் பக்கம் நிற்கும் மாட்டுக்கு ஒரு பக்கத்தில் எவருமில்லை, அது இலகுவாகத் திரும்பும், அதன் பின்னால் நிற்பதற்கும் கொஞ்சம் இடம் கிடைக்கும். வேலிக் கதியாலில் கட்டிய மாடோ தானும் அசையாது, பக்கத்தில் நிற்பதையும் அசையவிடாது. படலத்தின் காற்றுப் பக்கம் திறந்த படலை, பிடித்துக்கொள்ளும் சுவர் கதியால். மாடுகள் ஒன்றோடொன்று கோக்கப்படவில்லை, துண்டுகள் கோக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே ஒப்புமையை இதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

அளவீடுகள் இப்படித்தான் வந்தன. 1994 இல் கெடி, ஜோன்ஸ், கோரி ஆகிய மூவர் சிலிக்கன் தகட்டின்மேல் பொலிஸ்டைரீன் படலங்களை இட்டு, ஒளி பட்டுத் திரும்பும்போது அதன் முனைவாக்கம் (ஒளியலை அதிரும் திசை) மாறுவதைக் கொண்டு தடிப்பை அளந்தார்கள். சூடேற்றும்போது தடிப்பு மெல்ல வளரும், ஒரு வெப்பநிலையில் வரைபின் சாய்வு திடீரெனக் கூடும். அந்த முறிவுதான் கண்ணாடி நிலைமாற்றம். நாற்பது நானோமீற்றருக்குக் கீழே போகப்போக அது இறங்கியது, பத்தை நெருங்கும்போது இருபது பாகைக்கு மேல் இறங்கிவிட்டது. இரண்டு பக்கமும் காற்று மட்டுமே இருக்கும்படி தனியே விரித்துப் பிடித்த படலங்களில் 1996 இல் இதைவிடப் பெரிய வீழ்ச்சி தெரிந்தது, சிலவற்றில் அறுபது பாகையையும் தாண்டியது. அதே மூவர் வேறொரு பல்பகுதியத்தை, கண்ணாடிக்குப் பதிலாகப் பாவிக்கிறோமே, அந்த அக்ரிலிக்கை எடுத்தபோது, தங்கத்தின்மேல் நிலைமாற்றம் இறங்கியது, சிலிக்கனின் ஒட்சைட்டு மேற்பரப்பின்மேல் ஏறியது. அக்ரிலிக்கின் ஒட்சிசனுக்கும் ஒட்சைட்டு மேற்பரப்பின் ஐதரொட்சில் கூட்டங்களுக்கும் இடையில் ஐதரசன் பிணைப்பு உண்டாவதே காரணம் என்பது பொதுவான விளக்கம். பல்பகுதியம் அதே அக்ரிலிக், சுவர் மட்டும் வேறு, விடை எதிர்மாறு. நீங்கள் படித்த இரு கட்டுரைகளும் இப்படி இருவேறு சுவர்களைப் பற்றியவையாக இருக்கலாம்.

இதில் உறுதியானது எது, தகராறு எது? காற்றைத் தொடும் மேற்பரப்பில் சில நானோமீற்றர் ஆழத்துக்குத் துண்டுகள் வேகமாக அசைகின்றன என்பதை இன்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள். எனக்கு மிகப் பிடித்த சான்று 2008 இல் வந்தது. நானோ அளவான தங்கத் துகள்களைப் பொலிஸ்டைரீன் மேற்பரப்பில் பாதி அமிழவைத்து, பிறகு தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து எடுத்துவிட்டார்கள். மேற்பரப்பில் சின்னஞ்சிறு பள்ளங்கள் எஞ்சின. கண்ணாடி நிலைமாற்றத்துக்கு வெகு கீழேயும் அந்தப் பள்ளங்கள் தாமாகவே தூர்ந்தன. உள்ளே கல்லாக இருக்கும் பொருள் மேற்பரப்பில் திரவம்போல் ஓடுகிறது. ஐயத்துக்குரியது, முழுப் படலத்துக்கும் 'அதன் நிலைமாற்ற வெப்பநிலை இத்தனை' என்று ஒற்றை எண்ணைச் சொல்வது. அது பல அடுக்குகளின் கலவை எண். வெப்பக் கொள்ளளவையோ மின்புலத்துக்கான எதிர்வினையையோ வேகமாக அளந்தவர்களில் பலர் மாற்றமே தெரியவில்லை என்றார்கள். குளிர்விக்கும் வேகத்தைக் கூட்டினால், தடிப்பை அளந்த முதல் முறையிலும் வேறுபாடு சுருங்கியது. மெதுவான அளவீடும் விரைவான அளவீடும் ஒரே அசைவைப் பார்ப்பதில்லை என்பது என் எண்ணம், ஆனால் எல்லாரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சுவரின் தாக்கம் எத்தனை நானோமீற்றர் உள்ளே பரவுகிறது என்பதிலும் இழுபறி இன்னும் தீரவில்லை.

தகராறு நீண்டதற்கு இன்னொரு காரணம், இந்தப் படலங்களைச் செய்வது பார்ப்பதற்கு எளிதாக இருப்பது. ரெஜிபோமைத் தொலுயீன் என்ற கரைப்பானில் போட்டால் சீறிச் சுருங்கிக் கரைந்துவிடும். அந்தக் கரைசலை ஒரு துளி தகட்டில் விட்டு வேகமாகச் சுழற்றினால் படலம் ஆயிற்று. (ஆய்வுக்கு எடுப்பது நீளம் தெரிந்த தூய பொலிஸ்டைரீன், ரெஜிபோம் அல்ல.) பிறகுதான் தொல்லை. கொஞ்சம் தொலுயீன் உள்ளே தங்கினாலும் படலம் இளகியதாகத் தோன்றும். தகட்டைச் சூடாக்கியதும் மெல்லிய படலம் சிலிக்கனில் தங்க மறுத்து ஆங்காங்கே வட்ட வட்டமாகத் துளை விடும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் தள்ளப்பட்ட பொருள் வரம்பு கட்டி நிற்பது தெரியும். துளைகள் வளர்ந்து ஒன்றையொன்று முட்டியதும் வரம்புகள் அறுந்து வெறும் துளிகளாகிவிடும். பல துளைகளின் தொடக்கம் ஒரு தூசி. கச்சான் காற்றுக் காலத்தில் நம் பக்கத்துச் செம்புழுதி எப்படிப் புகும் என்று தெரிந்தவர்களுக்கு, இந்த வேலையை ஏன் வடிகட்டிய காற்றுள்ள அறையில் செய்கிறார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. படலத்தை நெடுநேரம் சூட்டில் வைத்தால் சங்கிலிகள் சுவரில் கூடுதலாகப் படிந்து நிலைமாற்றம் பழைய இடத்துக்கே திரும்புவதையும் கண்டிருக்கிறார்கள். ஆகவே ஒரு முடிவைப் படிக்கும்போது படலத்தை எப்படிக் காயவைத்தார்கள் என்ற பகுதியை முதலில் தேடுவது என் வழக்கம்.

இறுகலுக்கு ஆய்வுகூடம் வரை போகத் தேவையில்லை, வயலில் நிற்கும் உழவு இயந்திரத்தின் டயர் போதும். இறப்பருக்குள் நுண்ணிய காபன் கரித் துகள்களைக் கலந்துதான் டயர் செய்கிறார்கள். துகள்களுக்கு இடையிலான வெளி மிகச் சிறியது, துகளின் மேற்பரப்போ சங்கிலியைப் பிடித்துக்கொள்கிறது. கந்தகம் சேர்த்து வேகவைப்பதற்கு முந்திய கலவையை நாட்கணக்கில் தொலுயீனில் ஊறவிட்டாலும், இறப்பரில் ஒரு பகுதி கரையாமல் கரியோடு ஒட்டியே இருக்கும். தனி இறப்பர் கரைந்திருக்கும். அந்த ஒட்டிய படையின் அசைவு மந்தம். டயர் சீக்கிரம் தேயாமல் உழைப்பதில் அதற்கும் பங்கு உண்டு. பளிங்காகும் பல்பகுதியங்களில் ஒடுக்கம் இன்னொரு விதமாக வேலை செய்கிறது. பொலிஎதிலீன் ஒட்சைட்டை இருபது நானோமீற்றர் அடுக்குகளாக வேறொரு பொருளுக்கிடையில் அடைத்தபோது பளிங்குகள் நிமிர்ந்து வளர இடமின்றித் தட்டையாகப் படிந்தன. வாயு ஊடுருவுவது ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகக் குறைந்தது.

இனி உங்கள் சவ்வு. ஆர்.ஓ. சவ்வு மூன்று படைகள் கொண்டது: அடியில் பொலியெஸ்டர் துணி, அதன்மேல் துளைகள் நிறைந்த பொலிசல்போன், உச்சியில் உப்பைத் தடுக்கும் பொலியமைட்டு. நூறு, இருநூறு நானோமீற்றர் என்று வந்தவர் சொன்னது இந்த உச்சிப் படையைத்தான், அந்த அளவு சரி. ஆனால் நான் இவ்வளவு நேரம் சொன்னதில் பெரும்பகுதி அதற்குப் பொருந்தாது. அமீன் கரைந்த நீரும் அமிலக் குளோரைட்டு கரைந்த எண்ணெய்த் தன்மையான திரவமும் தொடும் இடத்தில் நொடிகளில் உருவாகும் வலை அது. சங்கிலிகள் ஒன்றோடொன்று இரசாயனப் பிணைப்பால் கட்டப்பட்டிருப்பதால் ஊர்ந்து போவதற்கு அங்கே தனிச் சங்கிலியே இல்லை. கிணற்று நீரின் சூட்டில் அது இளகவும் போவதில்லை. அந்தச் சவ்வில் உண்மையில் ஒடுக்கப்படுவது நீர்தான். வலையின் ஒரு நானோமீற்றருக்கும் குறைவான இடைவெளிகளால் அது நுழைகிறது, நீர்க்கவசம் சூழ்ந்த உப்பு அயன்கள் பின்தங்குகின்றன. மெல்லியது என்பதற்காகச் சவ்வு கெடுவதில்லை. அழுத்தத்தால் காலப்போக்கில் நெரிவதும் பெரும்பாலும் கீழேயுள்ள பொலிசல்போன் படையில்தான் நடக்கிறது.

அதைக் கெடுப்பவை வேறு. பொலியமைட்டைக் குளோரின் தாக்கும், இதில் ஐயமே இல்லை. மழை வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் இட்டிருந்தால், சவ்வுக்கு முன்னால் இருக்கும் கரிவடி அதைப் பிடித்துவிட வேண்டும். கரி தீர்ந்துபோயிருந்தால் குளோரின் நேரே சவ்வுக்குப் போகும். மற்றது நம் பக்கத்து நீரின் வன்மை. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதுதான் சவ்வின் மேலும் படிகிறது. இயந்திரத்தின் பம்பி, வால்வு விவரங்களில் உங்கள் திருத்துநர் என்னைவிட நன்றாக அறிந்தவராக இருப்பார், ஆனால் அறிகுறிகளை நீங்களே பார்க்கலாம். சுத்தமான நீர் வழக்கத்தைவிடக் கூடுதலாக வந்து, கரைந்த உப்பைக் காட்டும் மானியும் ஏறினால் குளோரினைச் சந்தேகியுங்கள். நீர் குறைந்து அழுத்தம் ஏறினால் படிவு. நீரின் அளவு ஏறக்குறைய அப்படியே இருக்க மானி மட்டும் திடீரென ஏறினால், சவ்வைக் கழற்றுவதற்கு முன் இணைப்புகளிலுள்ள இறப்பர் வளையங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். கரிவடியைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்றும் அவரிடம் கேட்டு எழுதிவையுங்கள்.